குரல் எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குரல் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, "என் குரலை மாத்த முடியுமா?" என்றுதான். பெரும்பாலும் மாற்ற வேண்டியதே இல்லை. தொண்டைக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் குரல்நாண்கள் ஆண்களுக்குச் சராசரியாக நொடிக்கு 120 தடவையும், பெண்களுக்கு 200 தடவைக்குச் சற்று மேலோ கீழோ அதிர்கின்றன. அந்த நாண்களின் நீளமும் தடிமனும் உடம்போடு வந்தவை. இடறுவது மூச்சிலும், தாடையிலும், வேகத்திலும், வாக்கியத்தை முடிக்கிற விதத்திலும்தான். இவை எல்லாம் பழக்கங்கள், பழக்கத்தைத் திருத்த முடியும்.

நான் 11 ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஏழாவது ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு பதிவு

கைப்பேசியில் 2 நிமிடம் பதிவு செய்யுங்கள். முதல் நிமிடம் செய்தித்தாளில் ஏதாவது ஒரு பத்தியை வாசியுங்கள். இரண்டாம் நிமிடம் இன்று காலை எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள்.

கேட்டதும் "இது என் குரலா?" என்று மனசு சுருங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்கு வருகிறது, எலும்பு கனமான ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. பதிவில் அது இருக்காது. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டு, பழகி, பிரியமாக இருப்பது அந்தப் பதிவில் இருக்கும் குரலோடுதான்.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவர்

கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால், விழுங்கும்போது வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், மூச்சு விடும்போது சத்தம் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம். பலமாகக் கத்திய உடனே குரல் சட்டென்று போய்விட்டாலும், கழுத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறினாலும் அப்படித்தான். புகைபிடிப்பவர்களும் புகையிலை போடுபவர்களும் 3 வாரம்கூடக் காத்திருக்காமல் இருப்பது நல்லது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகச் சின்னக் கேமராக் குழாயை விட்டுக் குரல்நாண்களைப் பார்ப்பார். சில நிமிட வேலை.

"நீங்க சொன்னதுல கடைசி வார்த்தை கேக்கல"

என்னிடம் வருகிறவர்களில் மிக அதிகமானோருக்கு இருப்பது இந்தக் குறைதான். அவர்களுக்கே தெரியாமல் இருப்பதும் இதுதான். தமிழ் பேசுகிறவர்களை இது கூடுதலாகப் பாதிக்கிறது.

"அவர் நாளைக்கு ஆபீசுக்கு வர..." என்று நிறுத்திப் பாருங்கள். வருவாரா, வரமாட்டாரா, வரக்கூடுமா? முடிவு கடைசி அசைகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். நமக்கு வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆமாம், இல்லை, செய், செய்யாதே எல்லாம் அதற்குள் இருக்கின்றன. "இந்த மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாது" என்று ஒரு செவிலியர் சொல்கிறார். 'கூடாது' அவர் வாய்க்குள்ளேயே அமுங்கினால், பெரியவர் ஒருவர் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்வார். அதனால்தான் இதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்.

ஏன் அமுங்குகிறது? வாக்கியத்தின் தொடக்கத்திலேயே மூச்சையெல்லாம் செலவழித்துவிடுகிறோம். அதோடு, வாய் இந்த வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் மனம் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறது.

சோதிப்பது எளிது. உங்கள் பதிவை வேறொருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே எழுதினால் பயனில்லை, உங்களுக்கு முன்பே தெரியும். எத்தனை இடத்தில் அவர் திருப்பிப் போட்டுக் கேட்டார் என்று எண்ணுங்கள்.

திருத்துவதற்கு, வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டுங்கள்:

வரமாட்டார்.
அவர் வரமாட்டார்.
நாளைக்கு அவர் வரமாட்டார்.
நாளைக்கு ஆபீசுக்கு அவர் வரமாட்டார்.

ஒவ்வொரு முறையும் 'வரமாட்டார்' முதல் தடவை சொன்ன அதே பலத்தில் வர வேண்டும். ஆட்காட்டி விரலால் மேசையில் அந்தச் சொல்லுக்கு ஒரு தட்டு தட்டுங்கள். இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சுருதி இறங்கலாம், சத்தம் இறங்கக் கூடாது. வாக்கியம் முடிகிறது என்று காட்டச் சுருதி இறங்குவது இயல்பு. கூடவே சத்தமும் இறங்கி, கடைசியில் கரகரவென்று தேய்ந்தால் மூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள். தினம் 10 வாக்கியம், 2 வாரம். வீட்டில் பால்காரரிடம் பேசும்போதும் விரலால் தட்டிக்கொண்டே பேசினால் இன்னும் சீக்கிரம் படியும்.

"பேசப் பேச மூச்சு வாங்குது"

கண்ணாடி முன் நின்று மூச்சை இழுங்கள். தோள்கள் ஏறுகின்றனவா? அப்படியானால் மேல்நெஞ்சில் மட்டும் மூச்சு விடுகிறீர்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறப்பதைச் சொல்லும்போது கொப்பூழிலிருந்து எழும் காற்றில்தான் தொடங்குகிறது. அதன்பின் தலை, மிடறு (தொண்டை), நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்கிறது. காற்று உண்மையில் இருப்பது நுரையீரலில்தான். ஆனால் நுரையீரலுக்குக் கீழே இருக்கும் தசையான உதரவிதானம் கீழிறங்கும்போது வயிறு முன்னால் தள்ளும், பேசும்போது மெல்ல உள்ளே போகும். அதனால் அடிவயிற்றிலிருந்து பேசுவதாகவே உடம்புக்குத் தோன்றும்.

மல்லாந்து படுத்து வயிற்றில் ஒரு கை வையுங்கள். படுத்த நிலையில் தோளை உயர்த்துவது கடினம், அதனால் வயிறு தானாக வேலை செய்யும். மூச்சை இழுத்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். பிறகு அதே போல 'ஆ'. பெரியவர்களுக்கு 'ஆ' 15 நொடிக்கு மேல் வருவது நல்லது. 10 நொடிகூட வரவில்லை, ஆனால் 'ஸ்' மட்டும் நீளமாக வருகிறது என்றால், காற்று போதுமானதாக இருந்தும் குரல்நாண்கள் சரியாகச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான்.

அடுத்தது, எங்கே மூச்சு எடுப்பது? நம் மொழியே இடம் விட்டு வைத்திருக்கிறது. "கடைக்குப் போய், விலை கேட்டு, ரெண்டு கிலோ வாங்கி, பையில போட்டு..." ஒவ்வொரு எச்சத்துக்குப் பின்னாலும் ஒரு சின்ன மூச்சுக்கு இடம் உண்டு. யாரும் இடைவெளியாக உணர மாட்டார்கள். எவ்வளவு நீளமான வாக்கியம் ஆனாலும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள்.

"சாயந்திரம் ஆனா தொண்டை அடைச்சுக்குது"

ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள், ஏலம் கூறுகிறவர்கள், கால் சென்டரில் இருப்பவர்கள், கோயிலில் மந்திரம் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் வருவது. ஒரு கணக்குப் பாருங்கள். நொடிக்கு 200 அதிர்வு என்றால், குரல் ஒரு மணி நேரம் ஒலித்தாலே குரல்நாண்கள் 7 லட்சத்து 20 ஆயிரம் தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அழுத்திப் பேசினால் ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால், உழைப்பவர் கையில் காய் காய்ப்பதுபோலக் குரல்நாணில் முடிச்சு விழும். எனக்கு விழுந்தது அதுதான். அந்த முடிச்சுகள் பெரும்பாலும் கத்தி படாமல் குரல் சிகிச்சையிலேயே கரைபவை, அதனால் பயந்து ஒளிய வேண்டாம்.

முதலில் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விளக்கிய விஷயம் இது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. கடகடக்கும் மின்விசிறி, சாலைப் பக்கத்து ஜன்னல், பக்கத்து வகுப்பின் கோரஸ், இவற்றோடு போட்டி போடுவது உங்கள் தொண்டைதான். ஜன்னலைச் சாத்துவது, விசிறிக்கு எண்ணெய் போடச் சொல்வது, வகுப்பை அமைதிப்படுத்தக் கத்தாமல் கையைத் தட்டுவது, இதெல்லாம் குரல் பயிற்சியில் சேர்ந்ததுதான். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி வாங்க முடிந்தால் வாங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நான் இரண்டு ஆண்டு முன்னாலேயே வாங்கியிருந்தால் அந்தத் திங்கட்கிழமை வந்திருக்காது.

இரண்டாவது, செருமுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு செருமலும் குரல்நாண்களை அறைகிறது. அறைந்த இடத்தில் மறுபடி சளி சேரும், மறுபடி செருமத் தோன்றும். அந்த உணர்வு வந்தால் எச்சிலை விழுங்குங்கள், அல்லது ஒரு மிடறு தண்ணீர். முதல் மூன்று நாள் கஷ்டம்தான்.

மூன்றாவது, குரல் அடைத்திருக்கும்போது கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுத்தால் ஓய்வு என்று நினைக்கிறோம், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்குகிறது. பேசினால் மெதுவான சாதாரணக் குரலில் பேசுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு விளக்கம். குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். அது உடம்பில் சேர்ந்து, நேரம் கழித்துத்தான் குரல்நாணுக்கு ஈரம் கொடுக்கும். ஆகவே பேச்சுக்கு 5 நிமிடம் முன்னால் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது மேல். பனங்கற்கண்டும் மிளகும் சித்தரத்தையும் அப்படித்தான். எச்சிலை ஊறவைக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் வாயில் அடக்கிக்கொள்வேன். ஆனால் இதம் கிடைத்தது என்று அன்றைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கத்தினால் நாளைக்குக் கூடுதல் வலி. நேராகக் குரல்நாண் வரை போவது ஆவிதான். அதுவும் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் முகத்தைக் கொண்டுபோகாமல், சற்றுத் தள்ளி.

பயிற்சி இரண்டு. ஒன்று ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை 2 விரல்கடை மூழ்கவிட்டு, அதற்குள் 'ஊ' என்று ஒலியெழுப்பிக் குமிழ் விடுங்கள். வாய்ப்பக்கம் ஏற்படும் அந்த எதிரழுத்தம் குரல்நாண்கள் முட்டிக்கொள்ளாமல் மெல்ல அதிர உதவுகிறது. காலையில் 3 நிமிடம், மதிய இடைவேளையில் 3 நிமிடம். அப்புறம் இரண்டாவது, உம் கொட்டுவது. பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டுவோமே, அதே தளர்வோடு "உம்... உம்ம்..." என்று சொல்லிப் பாருங்கள். அது வருகிற சுருதிதான் உங்கள் இயல்பான சுருதி. உதட்டிலும் மூக்குத்தண்டிலும் லேசாக அதிர வேண்டும், தொண்டையில் ஒன்றும் தெரியக் கூடாது. அங்கிருந்து அப்படியே "உம்... உங்க பேர் என்ன?" என்று பேச்சுக்குள் நுழையுங்கள். வகுப்பில் உங்கள் சுருதி இதைவிட எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

அடைப்பு சாயங்காலம் இல்லாமல் காலையில் எழுந்ததுமே இருந்தால், வாயில் புளிப்போ தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கும் உணர்வோ இருந்தால், இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். இரவு 10 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு 10.30-க்குப் படுப்பவரின் குரலை எந்தப் பயிற்சியாலும் சரிசெய்ய முடியாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வையுங்கள். அதிலும் குறையவில்லை என்றால் மருத்துவர்.

"சத்தமாத்தான் பேசுறேன், பின்னாடி கேக்கலங்கறாங்க"

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதைக் கத்தி ஈடுகட்ட முடியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், திரும்பிவிட்டுப் பேசுங்கள். வாயைத் திறங்கள்: 'ஆ' சொல்லும்போது முன்பற்களுக்கு நடுவே இரண்டு விரல் போக வேண்டும். பலருக்கு ஒரு விரல்கூடப் போகாது. மைக் இருந்தால் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். நெஞ்சில் வைத்துக்கொண்டு கத்த வேண்டாம்.

"வாய்க்குள்ளயே பேசுற"

இதுவும் பாதி தாடைதான். மீதி நாக்கு. ஒரு பத்தியைச் சத்தமே இல்லாமல், உதடும் நாக்கும் மட்டும் அசைய, எதிரில் காது கேளாத ஒருவர் உதட்டைப் படிப்பதாக நினைத்து வாசியுங்கள். உடனே அதையே குரலோடு வாசியுங்கள். வித்தியாசம் அப்போதே தெரியும்.

ல, ள, ழ குழம்பினால் நாக்கு நுனியைக் கவனியுங்கள். 'ல'வுக்கு நுனி மேல்பல்லின் பின்னால் ஈறருகே தொடும். 'ள'வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடங்கி மேலே போகும், ஆனால் தொடாது. தொட்டுவிட்டால் 'ள' ஆகிவிடும். அவ்வளவுதான் ரகசியம். "வாழைப்பழம் அழுகிக் கொழகொழத்துக் கீழே விழுந்தது" என்று மெதுவாக, 'ழ' வரும் இடத்தில் நுனி எங்கும் படாமல் சொல்லிப் பழகுங்கள். தென்மாவட்டத்தில் 'வாளப்பளம்' என்பதும் சென்னைப் பக்கம் 'வாயப்பயம்' என்பதும் ஊர்ப்பேச்சு. அதை நான் குறை என்று எழுத மாட்டேன். வீட்டில் அப்படியே பேசுங்கள். செய்தி வாசிக்கவோ வகுப்பெடுக்கவோ மேடை ஏறவோ வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி.

"மூக்கால பேசுறியே"

மூக்கைப் பிடித்துக்கொண்டு "அப்பா கடைக்குப் போயிட்டு வரார்" என்று சொல்லுங்கள். இதில் மூக்கொலி எழுத்து ஒன்றும் இல்லை, ஆகவே பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். மாறினால் காற்று தேவையில்லாமல் மூக்குக்குப் போகிறது. மாறாக, பிடிக்காமலே "மாமா" என்பது "பாபா" மாதிரி கேட்டால் மூக்கு அடைத்திருக்கிறது. இரண்டாவதற்கு மருத்துவம், முதலாவதற்குப் பேச்சு சிகிச்சையாளர். வீட்டுப் பயிற்சியில் இதை நான் அதிகம் நம்புவதில்லை.

"ரொம்ப வேகம்", "வந்து... வந்து..."

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் அளவை இங்கே கொண்டுவராதீர்கள். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். வேகத்தில் முதலில் அடிபடுவது நெடில். பதிவில் 'பாடம்' படமாகவும் 'காலை' கலையாகவும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வேகம் அதிகம். சொற்களை இழுத்து மெதுவாக்காமல், நிறுத்தத்தைக் கூட்டுங்கள். நம் இலக்கணக்காரர்கள் எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமைக்கும் நேரத்தால் அளந்தார்கள். அதே அளவுகோலில், வாக்கியம் முடிந்ததும் இரண்டு இமைப்பு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலி' எல்லாம் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. வாய் மூடியிருந்தால் நுழைய முடியாது.

"மேடையேறினா குரல் நடுங்குது"

நடுக்கம் தொண்டையில் தெரிந்தாலும் பிடி மூச்சில் இருக்கிறது. ஏறுவதற்கு முன் 5 தடவை, இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் மூச்சை வெளியே விடுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், முழுப் பேச்சையும் அல்ல. இன்னொன்று, மேடையில் ஏறியதும் பலருக்குத் தாங்கள் ரசிக்கும் பேச்சாளரின் குரல் வந்துவிடுகிறது. கனத்த, நெஞ்சை அழுத்திய குரல். 10 நிமிடத்தில் தொண்டை வலிக்கும். உம் கொட்டும் சுருதியில் தொடங்குங்கள். தனியாக, பதற்றமே இல்லாமல் பேசும்போதும் குரல் நடுங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"பையன் வளந்துட்டான், குரல் உடையவே இல்ல"

ஆண்பிள்ளைகளுக்கு வழக்கமாக 12 வயதிலிருந்து 15-க்குள் குரல் உடையும். சிலருக்குக் குரல்வளை வளர்ந்த பிறகும் பழைய சிறுவர் சுருதியிலேயே பேசும் பழக்கம் தங்கிவிடுகிறது. போனில் "சொல்லுங்க மேடம்" என்று கேட்டுக் கேட்டு, பேசுவதையே நிறுத்திவிட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வீட்டில் கேலி செய்யாதீர்கள். மருத்துவர் குரல்வளையைப் பார்த்துச் சரி என்றால், பேச்சு சிகிச்சையாளர் இருமச் சொல்லி, அந்தக் கனத்த ஒலியை 'ஆ' என்று நீட்டச் சொல்லி, அங்கிருந்து சொல்லுக்குக் கொண்டுவருவார். பலருக்குச் சில அமர்வுகளிலேயே புதிய குரல் பிடிபடும். பிறகு அந்தக் குரலோடு வெளியே நடமாடும் தைரியத்துக்குத்தான் வீட்டார் வேண்டும்.

"6 வாரமா செய்யுறேன், ஒண்ணும் மாறல"

முதல் நாள் பதிவையும் இன்றைய பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தினமும் கேட்கும் காதுக்கு மாற்றம் தெரியாது. உண்மையிலேயே மாறவில்லை என்றால், பெரும்பாலும் பயிற்சி நேரத்தில் சரியாகவும் மற்ற 15 மணி நேரம் பழையபடியும் பேசுகிறீர்கள். ஒரே ஒரு சந்தர்ப்பத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிய பழக்கத்தை அதில் மட்டும் கட்டாயமாக்குங்கள்: போனை எடுத்துச் சொல்லும் முதல் வாக்கியம், அல்லது வகுப்பில் சொல்லும் முதல் வாக்கியம்.

அதுவும் ஆகவில்லை என்றால் நேரில் ஒருவரிடம் போங்கள். வலி, கரகரப்பு இருந்தால் பேச்சு சிகிச்சையாளரிடம்தான்: பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு சிகிச்சைக்கான பட்டப்படிப்பு) படித்திருக்கிறாரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேடைப்பேச்சுக்கு மட்டும் என்றால் என்னைப் போன்ற பயிற்சியாளர் போதும். முதல் நாளே உங்களைப் பேசவிட்டுக் கேட்கிறாரா, அல்லது அவரே பேசிக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். "ஒரு வாரத்தில் கம்பீரக் குரல்" என்று சொல்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். போகும்போது அந்த முதல் பதிவை அழிக்காமல் எடுத்துப்போங்கள்.